கிடையில் விழுந்தால் யார் பார்ப்பது?

ஜப்பானின் நாரா மாகாணத்தில் இக்கருகா என்ற சிற்றூர் இருக்கிறது. ஹோர்யூஜி என்ற மிகப் பழைய மரக் கோயிலைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் அங்கே போவார்கள். அதற்குக் கொஞ்சம் தள்ளி, கிச்சிதென்ஜி என்று ஒரு சிறிய பௌத்தக் கோயில். வயதானவர்கள் தங்கள் உள்ளாடைகளைப் பையில் எடுத்துக்கொண்டு அங்கே போகிறார்கள். புத்தர் முன்னால் அவற்றை வைத்து ஓதி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். வேண்டுதல் ஒன்றுதான். கடைசிக் காலத்தில் மலஜலத்துக்குப் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை வராமல் போய்விட வேண்டும். அந்தக் கோயிலை மக்கள் 'பொக்குரி தேரா' என்கிறார்கள். 'தேரா' என்றால் கோயில். 'பொக்குரி' என்பது சட்டென்று உயிர் போவதைக் குறிக்கும் சொல். 10ஆம் நூற்றாண்டில் கென்ஷின் என்ற துறவி தான் ஓதிக் கொடுத்த ஆடையைத் தன் தாய்க்கு உடுத்தியதாகவும், அந்த அம்மா நோவில்லாமல் உயிர்விட்டதாகவும் தலக்கதை சொல்கிறது.

இதைப் படிக்கும் தமிழர் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. "நடமாட்டம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்திரணும்", "கிடையில விழுந்து நாறக் கூடாது" என்று நம் வீட்டுத் திண்ணைகளில் சொல்லப்படுவதும் இதே வேண்டுதல்தான். 'அநாயாசேன மரணம்' என்று கோயிலில் முணுமுணுக்கும் தாத்தா கேட்பதும் இதைத்தான். இவர்கள் சாவுக்குப் பயப்படவில்லை. சாவுக்கு முன்னால் வரக்கூடிய அந்த ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு, சிலருக்கு ஐந்தாறு ஆண்டுகளுக்குத்தான் பயப்படுகிறார்கள். முதுமைக்கு எப்படித் தயாராவது என்று ஒவ்வொரு சமூகமும் எடுத்த முடிவுகளைப் பார்த்தால், பணக் கணக்குக்கு அடியில் இந்தப் பயம் இருப்பது தெரியும். அதைச் சில நாடுகள் சட்டமாக்கியிருக்கின்றன, சில நாடுகள் குடும்பத்தின் தலையில் விட்டிருக்கின்றன.

பயம் பழையது, அதன் அளவு புதியது. காலராவும் நிமோனியாவும் சில நாட்களில் ஆளை முடித்த காலத்தில், நீண்ட நாள் படுக்கை என்பது சில வீடுகளின் துயரமாகத்தான் இருந்தது. இன்று பக்கவாதம் வந்தவரை மருத்துவம் காப்பாற்றுகிறது. ஆனால் பலரால் பழையபடி எழுந்து நடக்க முடிவதில்லை. சர்க்கரை நோய் கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் இருபது ஆண்டுகளாக மெல்ல அரிக்கிறது. மறதி நோய் அதைவிட மெல்ல வருகிறது. ஜப்பான் அரசு ஆயுட்காலத்தோடு, பிறர் உதவியின்றி வாழும் காலத்தையும் தனியே கணக்கிட்டு வெளியிடுகிறது. 2019 கணக்கில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஆண்களுக்கு ஏறத்தாழ 9 ஆண்டுகள், பெண்களுக்கு 12 ஆண்டுகள். இந்தியாவில் 2021 ஜனவரியில் வெளியான தேசிய முதுமை ஆய்வின் முதல் சுற்று, 60 வயதைக் கடந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஒரு நாள்பட்ட நோய் இருப்பதாகச் சொன்னது.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் முதுமைக்குத் திட்டமிடும் பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறது. வைத்தியம் வேறு, பார்த்துக்கொள்வது வேறு. இதயத்தில் ஸ்டென்ட் வைப்பது வைத்தியம். அதற்கு மருத்துவர் வேண்டும், மூன்று நாளில் முடிந்துவிடும், பில் வரும். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சோறு ஊட்டுவது, கழிப்பறைக்குத் தூக்கிப் போவது எல்லாம் பார்த்துக்கொள்வது. அதற்கு ஓர் ஆள் வேண்டும், எப்போது முடியும் என்று தெரியாது, பில் எதுவும் வராது. பெரும்பாலும் அந்த ஆள் ஒரு பெண்.

இந்த இரண்டாவது வகையை அளக்க முடியும் என்று காட்டியவர் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களைக் கவனித்து, 1963இல் அவரும் அவரது குழுவினரும் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். குளித்தல், உடுத்தல், கழிப்பறை போதல், படுக்கையிலிருந்து எழுந்து உட்காருதல், மலஜலத்தை அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறில் எத்தனையைத் தானாகச் செய்ய முடிகிறது என்று அது கேட்கும். என்ன நோய் என்று கேட்காது. இன்று உலகின் பல முதியோர் காப்பீடுகள் இந்தப் பட்டியலையோ இதன் சிறு திருத்தத்தையோ கையில் வைத்திருக்கின்றன. நம் பாட்டிகள் பயந்து பயந்து சொன்னதைத்தான் காட்ஸ் எண்ணிக்கையாக்கினார்.

ஜப்பான் இந்த வேறுபாட்டைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1973இல் 70 வயதானவர்களுக்கு மருத்துவத்தை முற்றிலும் இலவசமாக்கினார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் வீட்டில் பார்க்க ஆளில்லாத முதியவர்களை மருத்துவமனையில் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. வைத்தியம் தேவைப்படாதவர்கள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கட்டில்களில் கிடந்தார்கள். 'சமூகக் காரணத்துக்கான மருத்துவமனைச் சேர்க்கை' என்று அதற்கு ஒரு பெயரே உண்டானது. பத்தே ஆண்டுகளில், 1983இல், அந்த முழு இலவசம் கைவிடப்பட்டது. கட்டிலைக் குறைத்தாலும், வீட்டில் அந்த முதியவரைப் பார்ப்பது யார் என்ற கேள்வி அப்படியே நின்றது. மரபுப்படி அதற்கு ஒரு பதில் இருந்தது. மூத்த மகனின் மனைவி.

1997இல் சட்டமாகி 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த முதியோர் பராமரிப்புக் காப்பீடு அந்தப் பதிலை மாற்ற முயன்றது. 40 வயதானால் எல்லோரும் கட்டியாக வேண்டும். 65க்கு மேல் உதவி தேவைப்பட்டால், உள்ளாட்சி அனுப்பியவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார், அதை வைத்து ஏழு படிகளில் எந்தப் படி என்று ஒரு குழு தீர்மானிக்கும். நர்ஸ் வருவது, குளிப்பாட்ட ஆள் வருவது, பகல்நேர மையத்துக்கு வண்டியில் அழைத்துப் போவது போன்ற சேவைகள் கிடைக்கும். செலவில் பத்தில் ஒரு பங்கை, வசதி இருந்தால் இரண்டு மூன்று பங்கை, பயனாளி கொடுக்க வேண்டும்.

இந்தத் திட்டத்தில் என்னை நிறுத்திவைத்த விஷயம் வேறு. குடும்பமே பார்த்துக்கொண்டால் அந்தக் குடும்பத்துக்குப் பணமாகக் கொடுக்கலாமா என்று அன்று பெரிய விவாதம் நடந்தது. கொடுக்கக் கூடாது என்று பெண்கள் அமைப்புகள் உறுதியாக நின்றன. பணம் வீட்டுக்கு வந்தால் மருமகள் இன்னும் இறுக்கமாகக் கட்டிலோடு கட்டப்படுவாள், "அதான் அரசாங்கம் காசு கொடுக்குதே" என்று சொல்லிவிடுவார்கள் என்பது அவர்களின் வாதம். அது வென்றது. ஜப்பான் சேவையை மட்டும்தான் தருகிறது. நம் ஊரில் இப்படி ஒரு திட்டம் வந்தால் இந்த விவாதத்தை நாமும் நடத்தியே ஆக வேண்டும்.

குறைகளும் உண்டு. 65 வயதைக் கடந்தவர் கட்டும் சராசரி மாதச் சந்தா 2000இல் 2,911 யென். 2024இல் தொடங்கிய மூன்றாண்டுச் சுற்றில் 6,225 யென். பெற்றோரைப் பார்ப்பதற்காக வேலையை விடுவோர் ஆண்டுக்கு 1 லட்சத்தை ஒட்டி இன்னும் இருக்கிறார்கள். பராமரிப்பு வேலைக்கு ஆள் போதவில்லை. பொக்குரி கோயிலுக்குப் போவதும் நின்றுவிடவில்லை. நாகானோ மாகாணத்தின் சாக்கு நகரில் 'பின்கொரோ' என்ற பெயரில் ஒரு சிலையே வைத்திருக்கிறார்கள். கடைசி வரை துடிப்பாக இருந்து ஒரே நாளில் சாய்ந்துவிட வேண்டும் என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது.

ஜெர்மனி இதே வேலையை 1995இல் தொடங்கியது. தொழிலாளியும் முதலாளியும் பாதிப் பாதி கட்ட வேண்டும் என்றதும், எங்கள் பாதிக்கு ஈடு என்ன என்று முதலாளிகள் கேட்டார்கள். ஈடாக ஒரு பொது விடுமுறையை ரத்து செய்தார்கள். நவம்பரில் வரும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களின் பாவமன்னிப்பு, வேண்டுதல் நாள் அது. சாக்சனி மாநிலம் மட்டும் விடுமுறையை விட மறுத்தது. அதனால் அங்குள்ள தொழிலாளர்கள் இன்றும் தங்கள் பங்கைக் கூடுதலாகக் கட்டுகிறார்கள். முதுமையில் விழுந்தால் தூக்க ஆள் வேண்டும் என்பதற்காக, ஒரு நாடே ஆண்டுக்கு ஒரு நாள் கூடுதலாக உழைக்க ஒப்புக்கொண்டது என்று இதைப் படிக்கலாம்.

பிள்ளை இல்லாதவர்கள் அங்கே கூடுதலாகக் கட்ட வேண்டும். 2001இல் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னதைத் தொடர்ந்து 2005இல் வந்த விதி இது. 2025 நிலவரப்படி பிள்ளை உள்ளவருக்குச் சம்பளத்தில் 3.6 சதவீதம், இல்லாதவருக்கு 4.2. நாளைக்குச் சந்தா கட்டப்போகும் தலைமுறையை வளர்ப்பதும் ஒரு பங்களிப்பு என்பது நீதிமன்றத்தின் நியாயம். "கடைசியில தண்ணி ஊத்த ஒரு புள்ள வேணும்" என்ற நம் பேச்சு அங்கே தசம புள்ளியோடு எழுதப்பட்டிருக்கிறது. அதேசமயம், ஆண்டுக்கு 1 லட்சம் யூரோவுக்கு மேல் சம்பாதித்தால் மட்டுமே பெற்றோரின் பராமரிப்புச் செலவைப் பிள்ளையிடம் கேட்கலாம் என்று 2020இல் சட்டத்தை மாற்றினார்கள். பிள்ளைக்குப் பாரமாகிவிடுவோமோ என்று உதவியே கேட்காமல் ஒடுங்கிக் கிடந்த முதியவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

ஜெர்மானியக் குடியானவர்களிடம் இதற்கெல்லாம் முன்பே ஒரு வழி இருந்தது. நிலத்தையும் வீட்டையும் மகனுக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரத்திலேயே, பெற்றோருக்குத் தனி அறை, இத்தனை விறகு, இத்தனை பால், முட்டை, நோயுற்ற காலத்தில் பணிவிடை என்று வரிவரியாகப் பட்டியல் போட்டுவிடுவார்கள். குடும்பப் பாசத்தை நம்பாததால் அப்படிச் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. உடம்பு விழுந்த பிறகு பேரம் பேச முடியாது என்பது தெரிந்ததால்தான் செய்தார்கள்.

அமெரிக்காவில் 1965இல் வந்த மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு 65 வயதைக் கடந்தவர்களின் வைத்தியத்தைப் பார்த்துக்கொள்கிறது. பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அது பணம் தராது. மருத்துவமனையிலிருந்து வந்த பின் தேர்ச்சி பெற்ற செவிலியர் கவனிப்புக்கு அதிகபட்சம் 100 நாள், அவ்வளவுதான். பிறகு கைக்காசு. கைக்காசு கரைந்து ஏழையானபின், ஏழைகளுக்கான அரசுத் திட்டமான மெடிகெய்ட் வரும். பெரும்பாலான மாநிலங்களில் தனியாளுக்குக் கையிருப்பு 2,000 டாலருக்குள் இருக்க வேண்டும். பிள்ளைகள் பெயருக்கு முன்கூட்டியே மாற்றிவிட்டார்களா என்று கடந்த 5 ஆண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்ப்பார்கள். அதனால் அங்கே நடுத்தர வர்க்கத்தின் முதுமைத் தயாரிப்பு என்பது வக்கீல் அலுவலகத்தில் நடக்கிறது. 2010இல் ஒபாமாவின் மருத்துவச் சட்டத்தோடு விருப்பச் சந்தாவில் ஒரு பராமரிப்புக் காப்பீடும் சேர்ந்து வந்தது. கணக்கு ஒத்துவராமல், ஒருவருக்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்காமலே 2013 தொடக்கத்தில் ரத்தானது. விருப்பப்பட்டால் சேரலாம் என்றால், நோயை எதிர்பார்ப்பவர்கள்தான் அதிகம் சேர்வார்கள். சந்தா ஏறும், ஆரோக்கியமானவர்கள் விலகுவார்கள். இந்தக் காப்பீடு கட்டாயமாக இருந்தால்தான் நிலைக்கிறது என்பதற்கு இது ஒரு சான்று.

சிங்கப்பூர் கடைசியில் கட்டாயத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. 2002இல் வந்த எல்டர்ஷீல்டு திட்டம் முதலில் மாதம் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதிகபட்சம் 5 ஆண்டு என்று கொடுத்தது. ஆறாம் ஆண்டும் உயிரோடு படுக்கையில் இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. 2020 அக்டோபரில் வந்த கேர்ஷீல்டு லைஃப் ஆயுள் முழுக்கத் தருகிறது. 1980இலும் அதன் பிறகும் பிறந்தவர்கள் 30 வயதிலிருந்து தாமாகவே அதில் சேர்ந்துவிடுகிறார்கள். குளித்தல், உடுத்தல், உண்ணுதல் என்று தொடங்கும் ஆறு காரியங்களில் மூன்றைத் தானாகச் செய்ய முடியாமல் போனால், தொடக்க ஆண்டில் மாதம் 600 வெள்ளி. பெண்கள் நீண்ட நாள் வாழ்வதாலும் நீண்ட நாள் உதவி தேவைப்படுவதாலும் அவர்களுக்குச் சந்தா அதிகம். கணவனைக் கடைசி வரை இலவசமாகப் பார்த்துவிட்டு, தனக்கு ஆள் இல்லாமல் நிற்கும் பெண்ணிடமே கூடுதலாக வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஜெர்மனியில் ஆண் பெண் பேதமில்லாமல் சம்பளத்தைப் பொறுத்துத்தான் சந்தா. அந்த வழி இதைவிடச் சரி.

நமக்கு வருவோம்.

தென் மாவட்டத்துக் கிழவிகள் பலரிடம் கடைசி வரை விற்காத ஒரு நகை இருக்கும். ஒரு ஜோடி வளையலோ கழுத்துச் சங்கிலியோ. யாருக்கு என்று கேட்டால், "கடைசிக் காலத்துல யாரு பாக்குறாங்களோ அவுகளுக்குத்தான்" என்பார்கள். இதை வெறும் பாசப்பேச்சாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டிலில் விழுந்தால் பணிவிடை செய்பவருக்கான கூலியை முன்கூட்டியே ஒதுக்கி, யார் என்று சொல்லாமல் எல்லோரையும் எதிர்பார்ப்பில் வைத்திருக்கும் ஒரு பராமரிப்புக் காப்பீடு அது. ஆண்கள் இதையே வீட்டுப் பத்திரத்தில் செய்கிறார்கள். "உயிரோட இருக்கிற வரைக்கும் எழுதிக் கொடுத்துராதீங்க" என்று பதிவு அலுவலக வாசலில் பத்திர எழுத்தர்களே பெரியவர்களிடம் சொல்வதுண்டு.

எழுதிக் கொடுத்துவிட்டு நடுத்தெருவில் நின்றவர்கள் ஏராளம் என்பதால்தான், 2007இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவைச் சேர்த்தார்கள். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு தானமாகவோ வேறு விதமாகவோ சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் பார்க்காமல் விட்டால், தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதாமல் விட்டவர்கள் வழக்குகளில் மிகவும் திண்டாடியிருக்கிறார்கள். செட்டில்மெண்ட் எழுதுகிறவர்கள் அந்த ஒரு வரியை விடவே கூடாது. ஜெர்மன் குடியானவரின் விறகும் பாலும் போல அது வெளிப்படையாக இருக்கட்டும்.

படித்த நடுத்தர வர்க்கம் நகைக்குப் பதில் ஹெல்த் இன்சூரன்ஸை நம்புகிறது. அந்தப் பக்கம் உண்மையிலேயே முன்னேற்றம் உண்டு. 65க்கு மேற்பட்டவர்களுக்குப் புதிய பாலிசியை நிறுவனங்கள் மறுக்க இடம்கொடுத்த வயது வரம்பு 2024இல் நீங்கியது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் முதலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடம் பேச வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. 70 வயதைக் கடந்த எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், குடும்பத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை என்று 2024 அக்டோபரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டம் விரிந்தது. எல்லாம் வைத்தியத்துக்கு. அட்மிட் ஆனால் பணம் வரும். டிஸ்சார்ஜ் ஆகி, மூக்கில் டியூபும் பக்கத்தில் யூரின் பேகுமாக வீட்டுக்கு வந்த பிறகு வரும் செலவு வேறு. டயப்பர், படுக்கைப்புண் வராமலிருக்க வாட்டர் பெட், பகலுக்கு ஓர் ஆள், ராத்திரிக்கு ஓர் ஆள் என்று மாதாமாதம் போகும் பணத்தை வழக்கமான பாலிசி தொடுவதில்லை. பாலிசி எடுத்தாயிற்று, கவலை இல்லை என்று நினைத்த பிள்ளைகள் திகைத்து நிற்பது இங்கேதான். எங்கள் குடும்பத்திலும் அப்படித்தான் நடந்தது. ஆபரேஷனுக்குக் கையிலிருந்து அதிகம் போகவில்லை. அதன் பிறகான பதினான்கு மாதங்களில் சேமிப்பு கரைந்தது, என் அத்தை தையல் வேலையை விட்டார்.

அரசு இந்தப் பக்கம் வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் வலித்தணிப்பும் அதில் உண்டு. இதை இன்னும் ஆழப்படுத்த முடியும் என்பதற்குப் பக்கத்துக் கேரளமே சாட்சி. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சில மருத்துவர்களும் நண்பர்களும் ஒரு வலித்தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அது மலப்புறம் பக்கம் ஊர்மக்களின் இயக்கமாக மாறியது. புண் துடைக்கவும் பேச்சுத்துணைக்கும் பக்கத்து வீட்டார் பயிற்சி பெற்று வந்தார்கள். 2008இல் மாநில அரசு இதைக் கொள்கையாக அறிவித்தது. இன்று ஊராட்சி நர்ஸ் வீடு தேடிப் போவது அங்கே சாதாரணம்.

எதுவுமே இல்லாத இடத்தில் பயம் எப்படி ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். மதுரை, விருதுநகர் பக்கத்துச் சில ஊர்களில் 'தலைக்கூத்தல்' என்ற பெயரில் படுக்கையில் கிடக்கும் முதியவரின் உயிரைக் குடும்பமே முடித்த வழக்கம் இருந்தது. அது கொலை. வேறு பெயர் அதற்கு இல்லை. ஆனால் அந்த வீடுகளுக்கு ஒரு நர்ஸும் கொஞ்சம் பணமும் வலி மருந்தும் போய்ச் சேர்ந்ததா என்பதையும் கேட்டாக வேண்டும். தமிழ்நாட்டில் 2031இல் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் 60 வயதைக் கடந்திருப்பார்கள் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. ஒற்றைப் பிள்ளை, அதுவும் வெளியூரில் என்ற வீடுகளில்தான் அவர்களில் பலர் இருப்பார்கள்.

ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் இதன் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். 1980களில் அகதிகளாகப் போன ஈழத்தமிழர்களின் முதல் தலைமுறை இப்போது முதுமைக்குள் நுழைகிறது. ஜெர்மனியில் அந்தப் பராமரிப்புக் காப்பீடு அவர்களுக்கும் உண்டு. ஆனால் மறதி நோய் வந்தால், பின்னாளில் கற்ற மொழி முதலில் நழுவிப்போவது பலருக்கு நடக்கிறது. முப்பது ஆண்டுகள் ஜெர்மன் பேசி வேலை பார்த்தவர் கடைசியில் தண்ணீர் வேண்டும் என்பதைத் தமிழில் மட்டுமே கேட்கும் நாள் வரலாம். குளிப்பாட்ட வருகிறவருக்கு அது புரியாது. அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளில் சிலராவது பராமரிப்புத் தொழிலைப் படித்தால் அது பெரிய தொண்டு.

மறதி நோயின் பயம் வேறு எல்லாவற்றையும்விட ஆழமானது, ஏனென்றால் அது முடிவெடுக்கும் மனத்தையே எடுத்துக்கொண்டுபோகிறது. நோவு வந்து வருத்தும்போது உன்னை நினைக்க முடியாமல் போகலாம் என்று அஞ்சி, அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன் என்று அரங்கனிடம் முறையிட்டார் பெரியாழ்வார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்றைய 'உயிர்வாழ்வு உயில்' செய்வதும் அந்தக் காரியம்தான். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்ததால் பெரும்பாலோர் அந்தப் பக்கம் போகவில்லை. 2023 ஜனவரியில் எளிதாக்கினார்கள். சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த எவரும், இரண்டு சாட்சிகள் முன்னால், நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளிக்க, மீள வழியில்லாத நிலையில் எந்த சிகிச்சை வேண்டாம் என்று எழுதி வைக்கலாம். தன் சார்பில் பேச ஒருவருக்கு மேல் பெயர் குறிப்பிடலாம். யார் பெயரை எழுதுகிறோமோ அவர்களை உட்காரவைத்து, குழாய் வேண்டுமா வேண்டாமா என்பதோடு, வீட்டில் படுத்தால் யார் குளிப்பாட்டுவது, அவர்கள் வேலையை விட்டால் அதற்கு ஈடு என்ன என்பதையும் அன்றே பேசிவிடலாம். வளையல் யாருக்கு என்பதையும்.